பாய்மரப் படகின் வேக உணரி: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவாரில் என் பட்டறையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். கடல் கண்ணுக்குத் தெரியாத இந்தத் தோட்டப் பட்டணத்திலிருந்து லூமுட் துறை அதிகத் தொலைவில் இல்லை என்பதால், தோட்டத்து டிராக்டர்களுக்கும் செம்பனை ஆலைக்கும் மின்வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் படகு வேலையும் மெல்ல வந்து சேர்ந்தது. ஆலையில் கன்வேயர் சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்லும் உணரியும், நம் கப்சாய் மோட்டார் சைக்கிளில் டிஜிட்டல் மீட்டருக்கு வேகத்தைச் சொல்லும் உணரியும், படகின் அடியில் உள்ள வேக உணரியும் செய்வது ஒரே வேலை: சுழற்சியை எண்ணிச் சொல்வது. ஆகவே மின்வேலை கொஞ்சம் தெரிந்த எவரும் இந்தப் பழுதைத் தாமே பார்க்கலாம். பலரும் மீட்டரில் எண் வராத உடனேயே உணரி செத்துவிட்டது என்று முடிவு செய்து, பல நூறு வெள்ளி கொடுத்துப் புதியது வாங்கிவிடுகிறார்கள். சக்கரம், உணரி, கம்பி, மீட்டர் ஆகிய நான்கில் எந்த இடத்தில் பழுது நிற்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்கக் கூடாது என்பதுதான் இந்த வழிமுறை முழுவதிலும் என் கருத்து.

உணரி எப்படி வேலை செய்கிறது

படகின் அடித்தட்டில் துளையிட்டு ஒரு குழாய்க்கூட்டைப் பொருத்தி, அதற்குள் உணரியைச் செருகியிருப்பார்கள். உணரியின் நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய துடுப்புச் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் பாதி மட்டும் படகுக்கு வெளியே தண்ணீரில் நீட்டிக்கொண்டிருக்கும். படகு நகரும்போது தண்ணீர் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது. துடுப்புகளுக்குள் சிறு காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சக்கரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் உடலுக்குள் தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்ட ஹால் சில்லு இருக்கிறது. எட்வின் ஹால் 1879-ல் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்ட இந்தச் சில்லு, காந்தம் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. மீட்டர் அந்தத் துடிப்புகளை எண்ணி நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வேகத்தைக் காட்டுகிறது. பரவலாகப் புழங்கும் ஒரு வகையில், ஒரு கடல்மைலுக்கு 20,000 துடிப்புகள் என்பது கணக்கு. அதாவது ஒரு நாட் வேகத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 5.6 துடிப்புகள். மற்ற வகைகளுக்கு இந்த எண் மாறும். உங்கள் கருவியின் கையேட்டில் அது இருக்கும்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். காட்டுவது தரையை ஒப்பிட்ட வேகம். துடுப்புச் சக்கரம் காட்டுவது தண்ணீரை ஒப்பிட்ட வேகம். நீரோட்டம் இருக்கும் இடத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஜி.பி.எஸ். இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாய்மரப் படகில் உண்மையான காற்றின் வேகத்தையும் திசையையும் கருவிகள் கணக்கிடுவது இந்த வேகத்தை வைத்துத்தான். நீரோட்டம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதும் இதை வைத்துத்தான் தெரியும். சக்கரம் தவறாகச் சொன்னால் காற்றின் கணக்கும் சேர்ந்து தவறிவிடும்.

வெளியே இழுப்பதற்கு முன்

உணரியைத் தண்ணீரில் இருக்கும்போதே படகின் உள்ளிருந்து வெளியே இழுக்கலாம். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் இழுத்த கணத்தில் அந்தத் துளை திறந்துவிடுகிறது. 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால், நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே உணரியோடு கொடுக்கப்படும் வெற்று அடைப்பானை, அதன் ஓ-வளையத்துக்கு (தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கோன் கிரீஸ் பூசி, துளைக்கு அருகில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்த பிறகே வளையத் திருகைத் தளர்த்த வேண்டும். சில கூடுகளில் தானே மூடிக்கொள்ளும் தட்டுவால்வு உண்டு. அது தண்ணீரின் வேகத்தைக் குறைக்குமே தவிர முழுமையாக அடைக்காது. அதை நம்பி அடைப்பான் இல்லாமல் இறங்கக் கூடாது.

தொடக்க காலத்தில் நான் ஒரு படகில் அடைப்பானை மேல்தளத்தில் வைத்துவிட்டு உணரியை இழுத்துவிட்டேன். தண்ணீர் முழங்கை உயரத்துக்குத் தூண் போல எழுந்தது. இடது உள்ளங்கையைத் துளைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். விரலிடுக்கில் பீறிட்ட உப்புநீர் கண்ணில் அடித்தது. கூட இருந்த பையனிடம், "தம்பி, மேலே கறுப்பா உருண்டையா ஒன்னு இருக்கு பாரு, ஓடிப்போய் எடுத்துட்டு வா!" என்று கத்தினேன். அவன் அதைக் கொண்டுவருவதற்குள் தரைப்பலகை நனைந்துவிட்டது. அன்றிலிருந்து அடைப்பானை ஒரு கையில் பிடித்துக்கொண்டுதான் மறுகையால் உணரியை இழுக்கிறேன். உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்றும் பம்பு ஓடுகிறதா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை: மல்ட்டிமீட்டர், பழைய பல்துலக்கி, பல்குத்தும் குச்சி, வெள்ளை வினிகர் (நம் கடைகளில் சுக்கா என்று கேட்டாலும் கொடுப்பார்கள்), சிலிக்கோன் கிரீஸ், சிறிய காந்தம் ஒன்று, நான்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு மின்கம்பி.

அறிகுறி 1: படகு ஓடுகிறது, மீட்டர் பூச்சியத்திலேயே நிற்கிறது

பெரும்பாலானவர்கள் என்னை அழைப்பது இதற்காகத்தான். "அண்ணே, அஞ்சு நாட் போறோம், மீட்டர்ல கோசோங்தான் காட்டுது" என்பார்கள். முதலில் மீட்டரைத் தொட வேண்டாம், சக்கரத்தைப் பாருங்கள்.

மலாக்கா நீரிணையின் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். நங்கூரமிட்டு ஒரு வாரம் நின்ற படகின் துடுப்புச் சக்கரம் தன் நிறத்தை இழந்துவிடுகிறது. முதலில் வழுவழுப்பான பாசிப் படலம் பிடிக்கும். அதன்மேல் கொட்டலசு என்னும் ஓடுள்ள கடலுயிரியின் குஞ்சுகள் எள் அளவில் ஒட்டும். மலாய்க்காரர்கள் தெரித்திப் என்று சொல்வது இதைத்தான். துடுப்புக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடுக்கில் ஒரே ஒரு கொட்டலசு வளர்ந்தாலும் சக்கரம் நின்றுவிடும். ஒருமுறை நான் வெளியே எடுத்த சக்கரத்தில் பாசியோ சிப்பியோ எதுவும் இல்லை. ஆனால் அச்சாணியைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய தூண்டில் நரம்பு ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. ஆகவே பார்த்தால் மட்டும் போதாது, விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்ல சக்கரம் வாயால் ஊதினாலே சுழலும். விரலால் தள்ளும்போது நரநரவென்று உணர்ந்தாலும், ஒரே இடத்தில் நின்று நின்று போனாலும் அது சுத்தமில்லை.

சக்கரத்தை வினிகரில் ஒரு மணி நேரம் போல ஊறவைத்தால் கொட்டலசின் சுண்ணாம்பு இளகிவிடும். பிறகு பல்துலக்கியால் தேய்த்து, மூலையில் உள்ளதைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். கத்தியோ திருப்புளியோ வைத்துச் சுரண்டாதீர்கள். பிளாஸ்டிக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் அடுத்த கொட்டலசு பிடித்துக்கொள்ள இடம். அசிட்டோன், தின்னர் போன்றவை அந்தப் பிளாஸ்டிக்கை உருகவோ விரிசல் விடவோ செய்துவிடும்; அவற்றைக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம்.

சக்கரம் சுத்தமாகச் சுழன்றும் பூச்சியமே நின்றால், அடுத்தது மீட்டர் சோதனை. உணரியை வெளியே எடுத்து, துளையை அடைத்துவிட்டு, மீட்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை விரலால் வேகமாகத் தட்டிச் சுற்றுங்கள்; இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். எண் வந்தால் மின்பகுதி முழுவதும் நலம். பழுது சக்கரத்தோடு முடிந்தது. கூட்டுக்குள்ளேயே கொட்டலசு வளர்ந்து, உள்ளே நுழைந்ததும் சக்கரத்தை முட்டி நிறுத்துகிறதா என்று அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது பாருங்கள்.

எண் வரவில்லை என்றால் மீட்டரின் பின்பக்கத்துக்குப் போக வேண்டும். வழக்கமான துடிப்பு வகை உணரியில் வேகத்துக்கு மூன்று கம்பிகள்: சிவப்பு மின்வழங்கல், பச்சை துடிப்பு, மூடியில்லாத பின்னல் கம்பி தரை. பழுப்பும் வெள்ளையும் இருந்தால் அவை நீரின் வெப்பநிலைக்கு உரியவை. உணரியின் கம்பிகளை மீட்டரிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டரின் பச்சை முனைக்கும் தரை முனைக்கும் இடையே அந்தத் துண்டுக் கம்பியால் நொடிக்கு நான்கைந்து முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். சக்கரம் அனுப்பும் துடிப்பை உங்கள் கை அனுப்புகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். சில நொடிகளில் மீட்டரில் ஒரு நாட் அளவிலாவது எண் எழ வேண்டும். எழுந்தால் மீட்டர் நலம். எழாவிட்டால் பழுது மீட்டரில்தான், புதிய உணரி வாங்கிப் பயனில்லை. இதைச் செய்யும்போது சிவப்பு முனையில் கம்பி படவே கூடாது. பட்டால் மீட்டரின் மின்வழங்கல் பகுதி எரிந்துபோகலாம்.

மீட்டர் நலம் என்று தெரிந்தால் உணரியை மீண்டும் இணைத்து வோல்ட்டைப் பாருங்கள். சிவப்புக்கும் தரைக்கும் இடையே, கருவியைப் பொறுத்து 5 முதல் 12 வோல்ட் வரை அசையாமல் இருக்க வேண்டும். பச்சைக்கும் தரைக்கும் இடையே மல்ட்டிமீட்டரை வைத்து, சக்கரத்தை மிக மெதுவாக, துடுப்பு துடுப்பாக நகர்த்துங்கள். எண் பூச்சியத்துக்கு அருகிலும் வழங்கல் வோல்ட்டுக்கு அருகிலும் மாறி மாறி வந்தால் உணரி வேலை செய்கிறது. இந்தச் சோதனையை உணரியைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டு செய்து, "பச்சையில் ஒன்றுமே வரவில்லை, உணரி செத்துவிட்டது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சைக் கம்பியின் வோல்ட்டை மேலே இழுத்துப் பிடிக்கும் மின்தடை பெரும்பாலும் மீட்டருக்குள் இருக்கிறது. இணைப்பு இல்லாமல் அளந்தால் நல்ல உணரியும் செத்ததாகவே தெரியும்.

எண் ஒரே நிலையில் உறைந்து நின்றால், முடிவு கட்டுவதற்கு முன் காந்தத்தைக் கையில் எடுங்கள். சக்கரம் இருக்கும் இடத்தில் காந்தத்தைக் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிக் காட்டினால் வோல்ட் மாறுகிறதா? மாறினால் சில்லு உயிரோடு இருக்கிறது. சக்கரத்தில் உள்ள காந்தம் துருப்பிடித்து உதிர்ந்திருக்கிறது. துடுப்பின் ஓரத்தில் செம்பழுப்புக் கறையோ சிறு வெடிப்போ தெரிந்தால் அதுதான் அடையாளம். புதிய சக்கரமும் அச்சாணியும் மட்டும் தனியாகக் கிடைக்கும்; முழு உணரி தேவையில்லை. காந்தத்துக்கும் மாறாவிட்டால், மீட்டர் முனையில் உள்ள சிவப்பு வோல்ட் உணரிப் பக்கத்து இணைப்பு வரை வந்து சேர்கிறதா, பச்சையும் தரையும் அறுபடாமல் வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கம்பி. வந்தும் அசையவில்லை என்றால்தான் சில்லு. இந்த அறிகுறியில் புதிய உணரி வாங்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

லூமுட்டில் ஒரு படகுக்கு வேறொரு பட்டறையில் புதிய உணரியே போட்டிருந்தார்கள்; பூச்சியம் மாறவில்லை. மீட்டரின் பின்னால் இருந்த இணைப்பை நான் கழற்றியபோது பச்சைக் கம்பியின் முனையில் கம்பியே இல்லை. பச்சை நிறத் தூள்தான் இருந்தது. உப்புக்காற்று செம்பைத் தின்றுவிட்டிருந்தது. கம்பியின் நிறமும் பச்சை, அரித்த தூளின் நிறமும் பச்சை என்பதால் மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்கு அது தெரியாமல் போயிருக்கிறது. முனையை வெட்டி, புதிதாக முனையம் அழுத்தி மாட்டியதும் மீட்டர் உயிர்பெற்றது. அந்தப் படகுக்காரர் வாங்கிய புதிய உணரிக்கு எந்தத் தேவையும் இருந்திருக்கவில்லை. அவருடைய முகம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது.

அறிகுறி 2: எண் வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது

நீரோட்டத்தைப் பழுதாக நினைத்துவிடக் கூடாது என்பதால், ஜி.பி.எஸ். எண்ணோடு ஒப்பிட்டு இதை முடிவு செய்யாதீர்கள். படகில் எந்தக் கருவியும் இல்லாமல் தண்ணீரை ஒப்பிட்ட வேகத்தை அறிய ஒரு பழைய முறை உண்டு. தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றைப் படகின் முன்முனைக்குப் பக்கத்தில் தண்ணீரில் போட்டு, அது பின்முனையைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். 10 மீட்டர் நீளமுள்ள படகில் 4 நொடி ஆனால் நொடிக்கு 2.5 மீட்டர், ஒரு நாட் என்பது நொடிக்கு 0.514 மீட்டர் என்பதால் இது ஏறத்தாழ 4.9 நாட். மட்டையும் அதே நீரோட்டத்தில்தான் மிதக்கிறது. ஆகவே நீரோட்டம் கணக்கைக் கெடுக்காது. ஐந்தாறு முறை போட்டுச் சராசரி எடுத்தால், உங்கள் உணரி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

குறைவுக்கு முதற்காரணம் மீண்டும் பாசிதான். சக்கரத்தை நிறுத்தும் அளவுக்கு வளராத படலம் அதன் வேகத்தை மட்டும் குறைக்கும். இரண்டாவது காரணம் தேய்மானம்: அச்சாணித் துளை பெரிதாகி, சக்கரம் ஆடிக்கொண்டே சுற்றும். சக்கரத்தை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லொடலொடவென்று இருக்கும். மூன்றாவது காரணம் கூட்டுக்குள் உணரி திரும்பியிருப்பது. சுத்தம் செய்து திரும்பப் போடும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. உணரியின் தலையில் உள்ள அம்புக்குறி படகின் முன்முனையை, நடுக்கோட்டுக்கு இணையாக நோக்க வேண்டும். 10 பாகை திரும்பினால் கணக்குப்படி ஒன்றரை விழுக்காடுதான் இழப்பு. 30 பாகை திரும்பினால் 13 விழுக்காடு போய்விடும். அடித்தட்டு முழுவதும் கொட்டலசு பிடித்திருந்தால், உடலை ஒட்டிய நீர் படகோடு சேர்ந்து இழுபட்டு வருவதால், சக்கரம் சுத்தமாக இருந்தாலும் குறைவாகவே காட்டும். அப்போது உணரியைக் குறை சொல்லிப் பயனில்லை. படகைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் குறைந்தால், பின்னால் சொல்லும் அளவுத்திருத்தம் செய்யுங்கள். பாசி பிடித்த சக்கரத்தை வைத்துக்கொண்டு அளவுத்திருத்தம் செய்தால், சுத்தம் செய்த அன்று எண் கூடுதலாகக் காட்டும். ஆகவே சுத்தம்தான் எப்போதும் முதலில்.

அறிகுறி 3: எண் துள்ளுகிறது, திடீரென வந்து திடீரெனப் போகிறது

எண் எப்போது துள்ளுகிறது என்பதைக் கவனித்து எழுதிவையுங்கள். பாதிக் காரணம் அதிலேயே இருக்கிறது. வாக்கி டாக்கி போன்ற வி.எச்.எஃப். வானொலியில் பேசும்போது மட்டும் துள்ளினால் மின்குறுக்கீடு. இஞ்சின் ஓடும்போது மட்டும் என்றால் ஆல்டர்னேட்டர். மடிக்கணினிக்கு மின்னேற்றும்போது என்றால் இன்வெர்ட்டர். உணரியின் கம்பியை இவற்றின் கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டியிருப்பார்கள்; பிரித்துத் தனிவழியில் கொண்டுபோங்கள். தரைப் பின்னல் மீட்டர் பக்கம் உறுதியாக இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னல் அறுந்த கம்பி, ஏரியல் போலக் கண்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு வரும்.

அலை அடிக்கும்போதும் படகு குலுங்கும்போதும் மட்டும் துள்ளினால், இணைப்பு தளர்ந்திருக்கிறது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே கம்பியை அங்கங்கே மெதுவாக அசைத்துப் பாருங்கள். குறிப்பாகக் கம்பி உணரியின் உடலுக்குள் நுழையும் கழுத்தில். பலமுறை இழுத்து மாட்டிய உணரியில் கம்பி அந்த இடத்தில்தான் உள்ளுக்குள் ஒடிந்திருக்கும். வெளியுறையில் ஒன்றும் தெரியாது. உடலுக்குள்ளேயே ஒடிந்திருந்தால் பழுதுபார்க்க முடியாது.

கம்பியை அசைத்தும் எண் மாறாமல், கடல் கொந்தளிப்பில் மட்டும் துள்ளினால் கம்பியில் பழுதில்லை. சக்கரத்தின் மேல் காற்றுக்குமிழிகள் ஓடுகின்றன. படகின் முன்முனை அலையில் எழுந்து விழும்போது இது இயல்பானது.

அறிகுறி 4: கட்டியிருக்கும் படகில் வேகம் காட்டுகிறது

முதலில் வெளியே எட்டித் தண்ணீரைப் பாருங்கள். லூமுட் அருகிலுள்ள டிண்டிங் ஆற்று முகத்தில் நீர் இறங்கும்போது, கட்டியிருக்கும் படகின் சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றும். மீட்டர் ஒரு நாட்டுக்கு மேல் காட்டினாலும் அது பொய்யில்லை. படகு நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது. நீர் ஓட்டம் நிற்கும் நேரத்தில் மீண்டும் பாருங்கள். அப்போதும் எண் வந்தால், உணரியை வெளியே எடுத்துச் சக்கரத்தை விரலால் பிடித்து நிறுத்துங்கள். நின்ற சக்கரத்துக்கும் எண் வந்தால் அறிகுறி 3-ல் சொன்ன மின்குறுக்கீடுதான்.

அறிகுறி 5: ஒரு பக்கம் சாயும்போது ஒரு வேகம், மறுபக்கம் சாயும்போது வேறொரு வேகம்

பாய்மரப் படகுக்கு மட்டுமே உரிய தொல்லை இது. உணரி நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால், படகு சாயும்போது ஒரு பக்கத்தில் அது ஆழத்துக்குப் போகும், மறுபக்கத்தில் நீர்மட்டத்தை நெருங்கும். அதன்மேல் ஓடும் நீரின் போக்கும் மாறிவிடும். இதற்குப் பழுதுபார்த்தல் என்று எதுவும் இல்லை. படகு பெரிதாகக் கரையேறும் நேரத்தில் இடத்தை மாற்றலாம்: நடுக்கோட்டுக்கு முடிந்தவரை அருகில், படகின் அடியில் நீளும் மீன்துடுப்பு வடிவ அடிக்கட்டையின் முன்விளிம்புக்கு 30 முதல் 60 சென்டிமீட்டர் முன்னால். பழைய துளையை ஃபைபர் வைத்து முறையாக அடைக்க வேண்டும் என்பதால், வேறுபாடு சிறிதாக இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சில மீட்டர்களில் சாய்வுக்கு ஏற்பத் திருத்தம் போடும் வசதி உண்டு. முதலில் அதைப் பாருங்கள். வேறுபாடு இதுவரை இல்லாமல் திடீரென வந்திருந்தால், அம்புக்குறி திரும்பிவிட்டதா என்றும் அச்சாணித் துளை ஒரு பக்கம் தேய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

அறிகுறி 6: ஆழமும் வெப்பநிலையும் வருகின்றன, வேகம் மட்டும் வரவில்லை

மூன்றும் ஒரே உணரியில் இருந்தால் இது நல்ல செய்தி. கம்பியின் பெரும்பகுதி நலமாக இருக்கிறது. சக்கரம், காந்தம், பச்சைக் கம்பியின் முனை ஆகியவற்றில் பார்த்தால் போதும். மீட்டரோடு நேராகச் சேராமல் படகுக் கருவிகளை இணைக்கும் என்.எம்.இ.ஏ. 2000 வலையமைப்பில் சேரும் புதிய வகை என்றால், துண்டுக் கம்பிச் சோதனையும் பச்சைக் கம்பி அளவீடும் பொருந்தாது. அந்த உணரி எண்ணாகவே தகவலை அனுப்புகிறது. வேகம் மட்டும் வராதபோது, திரையில் வேகத்துக்கான மூலமாக எந்தக் கருவி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எதுவுமே வராதபோது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு தகவல் கம்பிகளுக்கு இடையே மின்தடையை அளந்தால் 60 ஓம் அளவில் வர வேண்டும். இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் முடிப்பான்கள் சேர்ந்து கொடுக்கும் அளவு அது. 120 வந்தால் ஒரு முடிப்பான் கழன்றிருக்கிறது.

சக்கரத்தையும் வளையத்தையும் கம்பியையும் மாற்றுதல்

பழைய அச்சாணியைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றாதீர்கள். புதிய அச்சாணியையே வைத்து, பழையதை ஒரு பக்கமாக அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி, வெளியே வந்த முனையைக் குறட்டால் பிடித்து இழுங்கள். சில வகைகளில் அச்சாணியைப் பிடித்துவைக்கும் சிறு திருகு இருக்கும். அதை முதலில் தளர்த்த வேண்டும். புதிய சக்கரத்தை எந்தப் பக்கம் நோக்கி வைப்பது என்று துடுப்பின் வளைவைப் பார்த்து, பழையதைக் கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அச்சாணியில் கிரீஸ் பூச வேண்டாம். அதில் மணலும் சேறும் ஒட்டிக்கொள்ளும். ஓ-வளையங்களுக்கு மட்டும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய படலமாகப் பூசுங்கள். வாகனங்களுக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைத்துவிடும். ஊதிய வளையத்தோடு கூட்டுக்குள் சிக்கிய உணரியை வெளியே எடுப்பது பெரும் போராட்டம். வளையத்தை நகத்தால் அழுத்தினால் தடம் மறையாமல் நின்றாலோ, வளைத்தால் நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். படகைக் காக்கும் வளையம் அது. விலை அதிகமில்லை.

வேகத்துக்கு மட்டுமான கம்பியை வெட்டி ஒட்டலாம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, அழுத்தி மாட்டும் இணைப்பு, அதன்மேல் உள்ளே பசை பூசிய வெப்பச் சுருக்கக் குழாய் என்ற வரிசையில் செய்யுங்கள். பின்னல் கம்பியையும் மறக்காமல் தொடர வேண்டும். இணைப்பு படகின் அடித்தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஆழமும் சேர்ந்த உணரியின் கம்பியை வெட்டாதீர்கள். ஆழ அளவின் தரம் கெட்டுவிடும்.

அளவுத்திருத்தம்

அலை அடங்கிய காலை நேரத்தில், இஞ்சினில் ஒரே சுழற்சியில் படகை ஓட்டி, நேர்க்கோட்டில் ஐந்து நிமிடம் போய், திரும்பி அதே கோட்டில் ஐந்து நிமிடம் வாருங்கள். இரண்டு ஓட்டத்திலும் ஜி.பி.எஸ். வேகத்தையும் மீட்டர் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். போகும்போது 5.8, வரும்போது 4.2 என்றால் சராசரி 5.0, நீரோட்டம் ஒருமுறை கூட்டியதும் ஒருமுறை கழித்ததும் அதில் அடிபட்டுவிடுகின்றன. மீட்டர் 4.4, 4.6 என்று காட்டினால் சராசரி 4.5. ஐந்தை நான்கரையால் வகுத்தால் 1.11. மீட்டரில் இப்போது இருக்கும் திருத்த எண்ணை இதனால் பெருக்கி அந்த எண்ணைப் பதியுங்கள். ஒரு திசையில் மட்டும் ஓடிப் பார்த்து எண்ணை மாற்றுவது பெரிய தவறு; அது நீரோட்டத்தை மீட்டருக்குள் நிரந்தரமாக எழுதிவைப்பதாகும். நீரோட்டம் வேகமாக மாறும் நேரம் என்றால் மூன்றாவது முறையும் ஓடுங்கள். வெவ்வேறு வேகங்களுக்குத் தனித்தனி திருத்தம் ஏற்கும் மீட்டரில் மெதுவான ஓட்டத்துக்கும் இதைச் செய்யலாம்.

மீண்டும் வராமல் இருக்க

சக்கரத்துக்குப் பாசித் தடுப்புப் பூச்சு அடிப்பதானால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வகையை மட்டுமே, துடுப்புக்கும் கூட்டுக்கும் இடையே இடைவெளி அடையாதபடி மெல்லியதாக அடிக்க வேண்டும். கீட்டோன் கலந்த பூச்சு பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். பூச்சைவிட நான் நம்புவது அடைப்பானைத்தான். படகு சில நாளுக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் உணரியை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி உலரவைத்து, அதன் இடத்தில் அடைப்பானைப் போட்டுவிடுங்கள். என்னிடம் வரும் படகுக்காரர்களுக்கு அடைப்பானில் ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனையை உணரிக் கூட்டின் கழுத்தில் கட்டிக்கொடுக்கிறேன். உணரியை அடைப்பானுக்குப் பதில் திரும்பப் போடாமல் படகை எடுத்தவர்களுக்கு மீட்டரில் பூச்சியம் தெரியும், அந்த அழைப்பு வந்தால், "அண்ணே, கயித்த இழுத்துப் பாருங்க, முனையில என்ன இருக்கு?" என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.